கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரி: சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பள்ளி நிர்வாகக் குழுத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும், பள்ளி நிர்வாகக் குழுக்களில் பெற்றோர் சார்பாகவும் ஆசிரியர் சார்பாகவும் இருக்கும் தமிழர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என்னிடம் 'அ' எழுதக் கற்றவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் நானே விரல் பிடித்து எழுதப் பழக்கியிருக்கிறேன். அந்த உறவின் உரிமையில்தான் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறேன். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

சென்ற நவம்பரில் ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு பள்ளியின் தவறாக முடிந்துவிடும். அன்று நல்ல வெயில். மண்டபத்தில் மின்விசிறி சுழன்றும் காற்றே இல்லை. பாட்டுக் குழுவின் இரண்டாவது வரிசையில் ஒரு பெண், எட்டாம் வகுப்புப் பிள்ளை, இரண்டு கன்னங்களிலும் பெரிய பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நின்றாள். பழுப்பு நிறப் பிளாஸ்திரி. அவள் தோலின் கருமைக்கு அது ஒத்தே வரவில்லை. வியர்வையில் இடப்பக்கத்துப் பிளாஸ்திரியின் ஓரம் கழன்று சுருண்டது. ஒவ்வோர் அடி பாடி முடிந்ததும் அவள் கையை உயர்த்தி, ஒரு விரலால் அந்த ஓரத்தை அழுத்திவிட்டு, அடுத்த அடிக்குக் கையை இறக்கினாள். நான்கு பாட்டு முடியும்வரை இப்படியே. சுருதி மட்டும் ஓரிடத்திலும் பிசகவில்லை.

விழா முடிந்து தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்தேன். "முகத்தில் என்னம்மா, விழுந்துவிட்டாயா?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். உடன் நின்ற ஆசிரியைதான் பதில் சொன்னார்: "புண் ஒன்றும் இல்லை. விதி இருக்கிறது, புகைப்படம் எடுக்கிறார்கள், அதனால் மறைக்கச் சொன்னோம்." கழன்ற பிளாஸ்திரியை அவளே எடுத்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள். கன்னத்தில் மூன்று மெல்லிய கோடுகள். சுண்டு விரல் நகத்தின் நீளம்கூட இராது. எப்போதோ ஆறிப்போன பழைய கீறல்கள். அருகில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பிளாஸ்திரி ஒட்டியதால்தான் மண்டபம் முழுவதும் அவளைப் பார்த்தது.

அவள் குடும்பம் உம்சிம்குலு பக்கத்தது. பாக்கா என்ற ஆப்பிரிக்க இனத்து மக்கள். முகத்தில் கீறித் தழும்பு உண்டாக்கும் வழக்கம் அந்த மக்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. இவளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது பாட்டி செய்துவைத்தது. அவளைக் கேட்டுச் செய்யவில்லை. இப்போது அதை அழிக்கவும் அவளால் முடியாது.

அந்த ஆசிரியைமீது எனக்குக் கோபம் இல்லை. அவர் காட்டிய விதியை நான் அறிவேன். நான் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், வேறொரு பள்ளியில், ஏறக்குறைய அதே வாசகத்துக்குக் கை உயர்த்தியவள் நான். "பச்சை குத்தியது, உடலில் துளையிட்டது, உடலில் வெட்டி உண்டாக்கிய குறி எதுவும் வெளியே தெரியக்கூடாது." அன்று எங்கள் மனத்தில் இருந்தது கும்பல்களின் பெயரைக் கையில் குத்திக்கொண்டு வந்த பையன்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தோம். 'வெட்டி உண்டாக்கிய குறி' என்ற சொற்கள் யார் முகத்தில் போய் விழும் என்று அந்த மேசையைச் சுற்றி இருந்த ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் முடிந்த விஷயம். பிறகு ஒரு பள்ளியின் விதித்தாளைப் பார்த்து இன்னொரு பள்ளி எழுதிக்கொண்டது.

இப்போது உங்களுக்கு ஒரு வழக்கை நினைவூட்டுகிறேன். நம் வீடுகளில் பெருமையோடு பேசிய வழக்கு அது. 2004-இல் டர்பனில் ஒரு தமிழ்த் தாய், பள்ளி விடுமுறையில் தன் மகளுக்கு மூக்குக் குத்திப் பொன் மூக்குத்தி போட்டார். நகை விதிக்கு மாறானது, கழற்று என்றது பள்ளி. தாய் மறுத்தார். பெண் பருவமடைந்தால் மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறாவது பிறந்தநாளில் பாட்டி அதை மாற்றி வைர மூக்குத்தி போடுவார், இது அலங்காரத்துக்கு அணிந்தது இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சமத்துவ நீதிமன்றத்தில் தோற்றார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அதற்குள் அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டாள்; ஆனாலும் மற்றப் பிள்ளைகளுக்காக அந்தத் தீர்ப்பு வேண்டியிருந்தது.

தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா. சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, அங்கிருந்து நாட்டின் தலைமை நீதிபதியாக உயர்ந்த ஆப்பிரிக்கர். மூக்குத்தி கட்டாயமா, விருப்பமா என்பது கேள்வியே இல்லை, மனிதர் தம் விருப்பத்தால் கைக்கொள்ளும் மரபுக்கும் பாதுகாப்பு உண்டு என்றார். ஒரு மூக்குத்திக்கு இடம் கொடுத்தால் நாளை என்னென்ன கோரங்கள் வரிசை கட்டி வருமோ என்று பள்ளி அஞ்சியது. மக்கள் தம் மதத்தையும் பண்பாட்டையும் வெளியில் காட்டுவது கோரங்களின் வரிசை ஆகாது, அது பள்ளிகளையும் நாட்டையும் வளமாக்கும் பன்மையின் ஊர்வலம் என்ற கருத்தில் அவர் பதில் எழுதினார். காவடி ஊர்வலம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதோடு நிற்கவில்லை. மதத்தையோ பண்பாட்டையோ காரணம் காட்டி விலக்குக் கேட்பவர்களுக்கு எப்படி இடம் கொடுப்பது என்று நடத்தை விதியில் எழுதிச் சேர்க்க வேண்டும், அதை மாணவர், பெற்றோர், ஆசிரியர் எல்லாரையும் கலந்து செய்ய வேண்டும் என்று அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. நடத்தை விதி எழுதும் அதிகாரத்தை 1996-ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டம் நிர்வாகக் குழுவின் கையில்தான் கொடுத்திருக்கிறது. ஆகவே மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று ஒருவரும் காத்திருக்க வேண்டியதில்லை. பேனா உங்கள் கையில் இருக்கிறது.

மூக்குத்திக்கும் தழும்புக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். மூக்குத்தியைக் கழற்றலாம். கழற்றச் சொன்னதையே நாம் அநியாயம் என்றோம். தழும்பைக் கழற்ற முடியாது. கழற்றவே முடியாத ஒன்றைக் கழற்றாததற்காக ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்துகிறோம்.

ஒரு காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கொள்ளுப்பாட்டி கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து 'டிரூரோ' கப்பல் வந்ததில் தொடங்கி 1911 வரை டர்பன் இருக்கும் இந்த நட்டாலுக்கு வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். கப்பல் பதிவேட்டில் அவருடைய பக்கத்தைத் தேடி எடுத்துப் பிரதி வைத்திருக்கிறேன். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம். அதற்கு அடுத்து ஒரு பத்தி: உடற்குறிகள். எல்லாருக்கும் அந்தப் பத்தி உண்டு. முழங்காலில் வடு, நெற்றியில் தழும்பு, முன்கையில் பச்சை. என் கொள்ளுப்பாட்டிக்கு எழுதியிருப்பது வயிற்றில் சூட்டுத் தழும்பு. குழந்தைக்கு வலிப்போ மாந்தமோ வந்தால் சூடு போடும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாரோ ஒரு பாட்டி, பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற பதைப்பில் போட்ட சூடு அது. அந்தத் தழும்புதான் கடல் கடந்து வந்து அவருக்கு அடையாளமாக நின்றது. ஓடிப்போனால் பிடிப்பதற்கும் உதவும் என்றுதான் வெள்ளைக்காரக் குமாஸ்தா அதை எழுதிவைத்தான். அந்தப் பத்தியைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. அவருடைய தோலைப் பார்த்து எழுதியவனுக்கு அவர் யார் என்று தெரியாது.

உம்சிம்குலுவில் ஒரு பாட்டி பிளேடை எடுத்ததும் அதே பதைப்பில்தான். நோய் அண்டக்கூடாது, பிள்ளை நிலைக்க வேண்டும், தன் குலத்தாள் என்று தெரிய வேண்டும். தோலைக் கீறி மருந்து தேய்ப்பதற்கு ஜூலு மொழியில் ஒரு சொல் உண்டு. நடுவில் நாக்கைச் சொடுக்கும் ஒலி வருவதால் தமிழ் எழுத்தில் சரியாக எழுத முடியவில்லை. வைத்தியர் சிறு சிறு கீறல்களாகப் போட்டு, மூலிகைகளைக் கருக்கிப் பொடித்த இன்சிஸி என்ற கறுப்புப் பொடியை அதில் தேய்ப்பார். மார்பில், மணிக்கட்டில், முதுகில், சிலருக்கு முகத்தில். மேல்தோலோடு நிற்கும் கீறல் சுவடில்லாமல் ஆறிவிடும். உள்தோல் வரை போனால் உடம்பு புதிய நார்த் திசுவால் அந்த இடத்தை நிரப்புகிறது, அதுதான் தழும்பு. சாம்பலோ கரியோ தேய்த்தால் நிறம் தங்கும், சிலருக்கு மேடாக எழும்பும். கருந்தோலில் பச்சை எடுப்பாகத் தெரியாது. அதனால்தான் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் தழும்பே கோலமாயிற்று. வட மொசாம்பிக்கின் மக்கொண்டே மக்கள் முகத்தில் கோணல் கோடுகளை வரிசையாகக் கீறிக் கரி தேய்த்தார்கள். மக்குவா மக்களின் குறி பிறை வடிவம்.

மக்குவா என்றதும் சாட்ஸ்வொர்த்தின் பேவியூ பகுதிக்காரர்களுக்கு நினைவு வந்திருக்கும். நாம் 'சான்சிபாரி' என்று அழைக்கும் நம் அயலவர்களில் பெரும்பாலோர் அந்த இனத்தின் வழிவந்தவர்கள். அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்டு 1873 முதல் டர்பனில் இறக்கிவிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். பிளஃப் பகுதியில் குடியிருந்தவர்களை 1960-களில் அரசு 'பிற ஆசியர்' என்று வகைப்படுத்திச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து என் அப்பாவையும் அம்மாவையும் லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கியதும் அதே காலம்தான். தோலையும் முடியையும் பார்த்து மனிதரைப் பிரித்த 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவள் நான். முடியில் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனம் முடிவு செய்த நாடு இது. அந்தச் சட்டம் 1991-இல் ஒழிந்தது. ஆனால் 2016-இல்கூடப் பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் பள்ளியின் கறுப்பின மாணவிகள் தங்கள் முடியை அதன் இயல்புப்படி வைத்துக்கொள்வதற்காகப் போராட வேண்டியிருந்தது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளின் உடம்பைப் படிக்கும் பழக்கம் இன்னும் நம் எல்லாரிடமும் இருக்கிறது.

"அது மாந்திரீகம், நம் வழக்கத்தோடு ஒப்பிடாதீர்கள்" என்று ஒரு பெற்றோர் என்னிடமே சொன்னார். அவர் மகனின் இடுப்பில் தாயத்து இருந்தது. நம் வீட்டுக் குழந்தைக்குக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறோமே, எதற்கு? கண்ணேறு படக்கூடாது என்றுதானே? ஒரு வயதுக் குழந்தையை மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிறோம். அது வீறிட்டு அழும்போது வாயில் சர்க்கரை போடுகிறோம். குழந்தையின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? தைப்பூசத்துக்கு மறுநாள் பள்ளிக்கு வரும் நம் பையன்களின் கன்னத்தில் அலகு குத்திய புள்ளி இருக்கும், விபூதியும் ஒட்டியிருக்கும். முதுகில் கொக்கி மாட்டிய தடங்கள் சட்டைக்குள் இருக்கும். நான் வேலை பார்த்த காலத்தில் எந்த ஆசிரியரும் அவர்களைப் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னதில்லை. "வலிக்கிறதா?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஜூலு ஆசிரியர்களும் இருந்தார்கள்.

இதை எழுதுவதால் குழந்தைகளைக் கீறுவதற்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரே பிளேடால் பலரைக் கீறினால் எச்.ஐ.வி. பரவும், கல்லீரலைத் தாக்கும் பி வகை மஞ்சள் காமாலையும் பரவும். இந்த மாகாணத்தில் எச்.ஐ.வி.க்கு உறவினரை இழக்காத தெரு உண்டா? நல்ல வைத்தியர்கள் இப்போது ஆளுக்கொரு புதுப் பிளேடு கொண்டுவரச் சொல்கிறார்கள், எல்லாரும் சொல்வதில்லை. பிள்ளையின் நலனுக்குத் தீங்கான சமூக, பண்பாட்டு, மத வழக்கங்களுக்கு அவரை உட்படுத்தக் கூடாது என்று 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். நம் பக்கத்துச் சூட்டுக்கோலும் ஒழிய வேண்டியதுதான். ஒழிந்தும் வருகிறது. ஆனால் அந்தச் சட்டம் காப்பது பிள்ளையை. தனக்குச் செய்யப்பட்ட ஒன்றுக்காகப் பிள்ளையையே தண்டிக்க அதில் ஒரு வரிகூட இடமில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணின் முகத்தில் பிளாஸ்திரி ஒட்டியதால் எந்தப் பாட்டியும் பிளேடைக் கீழே வைக்கப்போவதில்லை. அந்தப் பெண்தான் இனிக் கண்ணாடியைத் தவிர்ப்பாள்.

வயது வந்தவர்கள் நகரத்துக் கடைகளில் பணம் கொடுத்து, கத்தியாலோ சூட்டாலோ தோலில் உருவம் வரைந்துகொள்வது வேறு விஷயம்; அது அவர்கள் பாடு. கும்பல் பெயரைக் கையில் கீறிக்கொண்டு வரும் பையனைக் கண்டிக்க உங்களுக்குத் தனி விதி இருக்கட்டும், அதிலும் எனக்குத் தடையில்லை. அந்தப் பையனின் குறியையும் இந்தப் பிள்ளையின் தழும்பையும் ஒரே வாக்கியத்தில் போட்டதுதான் பிழை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். நடத்தை விதியில் 'வெட்டி உண்டாக்கிய குறி' என்ற சொற்கள் இருந்தால் அடித்துவிடுங்கள். குழந்தைப் பருவத்திலோ குடும்ப வழக்கப்படியோ ஏற்பட்ட தழும்பு ஒழுங்கு மீறல் ஆகாது என்று ஒரு வரி சேருங்கள். அதற்குப் பெற்றோரிடம் விளக்கக் கடிதம் கேட்காதீர்கள். நம் காதுக் குத்துக்கு யாரும் கடிதம் கேட்கவில்லை. புதிய கீறல் கண்டால், ஆறாத புண் கண்டால், ஒழுங்கு நடவடிக்கை ஆசிரியரிடம் அனுப்பாமல் நர்ஸிடம் அனுப்புங்கள். கிளினிக்குக்குப் போக வழி செய்யுங்கள். வீட்டாரோடு மரியாதையாகப் பேசுங்கள். முடிந்தால் ஜூலு பேசும் ஆசிரியர் ஒருவர் உடன் இருக்கட்டும். இதைத் திருத்தக் கூடும்போது ஜூலு மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து டாக்ஸியில் வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அறிவிப்பு அனுப்புங்கள், அவர்களால் வர முடிகிற நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். நம் பள்ளிகள் பலவற்றில் இப்போது அவர்கள்தான் பெரும்பான்மை. நிர்வாகக் குழு மேசையில் அப்படித் தெரிவதில்லை.

கூட்டத்துக்கு அழைத்தால் வருகிறேன். அன்று கை உயர்த்தியவள் என்ற முறையில் நானே எழுந்து நின்று அந்த வாசகத்தை நீக்கச் சொல்கிறேன். கொள்ளுப்பாட்டியின் கப்பல் பதிவுப் பிரதியையும் கொண்டுவருவேன். வேண்டியவர்கள் உடற்குறிப் பத்தியைக் கையில் வாங்கிப் படிக்கலாம்.

அந்தப் பெண் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் பாட்டுக் குழுவில் இருக்கிறாளா என்று விசாரித்தேன். பெயர் கொடுக்கவில்லை என்றார்கள். இரண்டாம் பருவம் தொடங்கியதும் குழுவுக்கு மறுபடி ஆள் எடுப்பார்களாம். அதற்கு முன்பாகக் கூட்டத்தைக் கூட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
சாட்ஸ்வொர்த், டர்பன்